ஆசிரியர் இல்லாத பாடவேளைக்கு ஓர் ஆங்கிலப் பாடக்கட்டு: எட்டு நாள் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடலோரச் சிற்றூர் ஒன்றில், தமிழ்வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். மகளின் பிரசவத்துக்காகச் சென்ற சனவரியில் எட்டு வேலைநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. முதல் திருப்புதல் தேர்வு முடிந்து அடுத்த திருப்புதலுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் காலம் அது. நான் இல்லாத நாள்களில் என் பாடவேளை என்னவாகும் என்பதை அறிய ஆரூடம் பார்க்கத் தேவையில்லை. காலையில் தலைமையாசிரியர் சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் யாருடைய பெயரையாவது எழுதுவார். பெயர் எழுதப்பட்டவர் திருத்தவேண்டிய தாள்கட்டுடன் வகுப்புக்குள் வந்து, சத்தம் போடாமல் படிக்கச் சொல்லிவிட்டு உட்காருவார். அவரைக் குறைசொல்ல எனக்கு உரிமை கிடையாது. அறிவியல் ஆசிரியர் விடுப்பெடுத்த நாள்களில் நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

இந்த முறை அப்படி விடக்கூடாது என்று தேடியபோது கிடைத்ததே இங்கே நான் மதிப்பிடப்போகும் பொருள். இங்கிலாந்தில் பதினாறு வயதையொட்டி மாணவர்கள் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில், ஆங்கில மொழித் தாளுக்குரிய திறன்களைப் பயிற்றுவிக்க, அந்நாட்டு ஆசிரியர் ஒருவர் தயாரித்து இணையத்தில் விற்கும் இருபது மாற்றுப் பாடங்கள் கொண்ட கட்டு அது. விலை பன்னிரண்டு பவுண்டு. நம் பணத்தில் ஏறத்தாழ 1,400 ரூபாய். வெளிநாட்டுப் பணம் செலுத்த என் அட்டை ஒத்துக்கொள்ளாததால் தம்பி மகனுடைய அட்டையில் வாங்கினேன்.

ஆசிரியர் வராத நாளில் வேறொருவர் நடத்துவதற்கென்று எழுதிவைக்கும் பாடத்தையே மாற்றுப் பாடம் என்கிறேன்; அங்கே அதைக் கவர் லெசன் என்கிறார்கள். பெயருக்குப் பின்னால் ஒரு நிர்வாக வரலாறு இருக்கிறது. வராத ஆசிரியருக்குப் பதிலாக மற்ற ஆசிரியர்கள் அரிதாகவே வகுப்புக்குப் போக வேண்டும் என்ற விதி 2009 செப்டம்பரில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. அதனால் ஆசிரியர் தகுதி பெறாத மேற்பார்வையாளர்களோ, முகமைகள் அனுப்பும் தற்காலிக ஆசிரியர்களோ அந்த வகுப்புகளில் நிற்கிறார்கள். அப்படி நிற்பவருக்கு ஆங்கிலத் தேர்வைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருக்கலாம் என்ற அனுமானத்தில்தான் இத்தகைய பாடங்கள் எழுதப்படுகின்றன. நம் பள்ளிகளின் நிலையும் விளைவில் இதுவேதான். கணக்கு ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் ஆங்கில வகுப்பில் நிற்கும்போது அவர்கள் கையில் ஒன்றும் இருப்பதில்லை. எனவே இந்தக் கட்டை மதிப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல், அதில் உள்ள பாடம் எவ்வளவு உயர்ந்தது என்பதன்று. ஆங்கிலம் நடத்தாத ஒருவர் கையில் அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதே.

ஒவ்வொரு பாடமும் நான்கு தாள்கள். முதலாவது, வகுப்பில் நிற்பவருக்கான குறிப்பு. எத்தனையாவது நிமிடத்தில் எதைச் செய்யச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் விரைவாக முடித்துவிட்டால் என்ன கொடுக்க வேண்டும், எந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தேவையில்லை என்பவையெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டாவது உரைப்பகுதி, மூன்றாவது வினாக்கள், நான்காவது மாணவர்களே திருத்திக்கொள்ளும் விடைக்குறிப்பு. வகுப்பில் திரையிட விரும்புவோருக்கு அதே பாடம் பவர்பாயிண்ட் வடிவிலும் உண்டு. முதல் தாளை எழுதியவர் வகுப்பறையை நன்கு அறிந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை நான் தமிழில் ஒரு பக்கமாக எழுதி எட்டுப் பாடங்களுக்கும் மேலே தைத்து வைத்தேன்; அந்த ஒரு வேலைக்கே இரண்டு மாலைகள் பிடித்தன என்பதை வாங்க நினைப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

எந்தத் தேர்வுக்காக இது எழுதப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதன் பலமும் பலவீனமும் அங்கிருந்தே வருகின்றன. இந்தக் கட்டு, அங்கே இத்தேர்வை நடத்தும் வாரியங்களுள் ஒன்றான ஏக்யூஏ-வின் தாள்களைப் பின்பற்றுகிறது. அதில் இரண்டு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றே முக்கால் மணி நேரம், 80 மதிப்பெண். முதல் தாளில் முன்பின் படித்திராத ஒரு புனைவுப் பகுதி கொடுக்கப்படும். அதிலிருந்து நான்கு செய்திகளைக் கண்டறிந்து காட்ட 4 மதிப்பெண், மொழிநடை பற்றிய வினாவுக்கு 8, கட்டமைப்பு பற்றிய வினாவுக்கு 8, ஒரு கூற்றை எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறாய் என்ற வினாவுக்கு 20, பிறகு சொந்தமாக எழுதும் பகுதிக்கு 40. இரண்டாம் தாளில் இரண்டு கட்டுரைப் பகுதிகளை ஒப்பிட வேண்டும். அவற்றுள் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கும். இதுதான் பாடநூல் என்று விதிக்கப்பட்ட ஒன்றே இந்தத் தேர்வுக்குக் கிடையாது. நம்முடைய பத்தாம் வகுப்புத் தாள் இதற்கு நேரெதிர்த் திசையில் நிற்பது. மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண்ணுக்கு எழுதும் அந்தத் தாளில் உரைநடை, செய்யுள், துணைப்பாடம், மனப்பாடப் பாடல் என்று பெரும்பகுதி பாடநூலிலிருந்தே வருகிறது. முன்பின் பார்க்காத பகுதியைப் படித்து விடையளிப்பது ஓரிரு வினாக்களில் ஒதுங்கிவிடுகிறது.

அப்படியானால் இது நமக்கு எதற்கு என்று எங்கள் ஓய்வறையிலேயே கேட்டார்கள். நானும் பாதி மனத்தோடுதான் வைத்துவிட்டுப் போனேன்.

முதல் மூன்று நாள் நோட்டில் கணக்கு ஆசிரியரின் பெயர் விழுந்தது. உரைப்பகுதியை விளக்குவதில் அவர் இறங்கவே இல்லை. குறிப்புத்தாள் அதைக் கேட்கவும் இல்லை. அதில் இருந்த நிமிடக் கணக்கு மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் அவர் நம் வினாத்தாளுக்கும் அதே கணக்கைக் கரும்பலகையில் போட்டிருக்கிறார்: 180 நிமிடத்தை 100 மதிப்பெண்ணால் வகுத்தால் மதிப்பெண் ஒன்றுக்கு 1.8 நிமிடம், ஐந்து மதிப்பெண் வினாவுக்கு 9 நிமிடம், பதினான்கு ஒரு மதிப்பெண் வினாக்களுக்குச் சேர்த்து 25 நிமிடம் கணக்கில் வந்தாலும் அவற்றைப் பத்து நிமிடத்தில் முடித்து மீதியைக் கடைசி எட்டு மதிப்பெண் வினாக்களுக்குச் சேமிக்கலாம். பிறகு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் எதற்கு எத்தனை நிமிடம் எடுக்கிறார்கள் என்று குறிக்கச் செய்திருக்கிறார். ஒரு மதிப்பெண் வினாக்களிலேயே முக்கால் மணி நேரம் உழன்றுகொண்டிருந்த நான்கு பேர் அந்தப் பட்டியலில் அகப்பட்டார்கள். அவர்கள் கடைசிப் பக்கத்தை எழுதாமல் தாளைக் கொடுப்பதற்கு ஆங்கிலம் தெரியாததே காரணம் என்று ஆறு மாதமாக நான் நினைத்திருந்தேன். தேர்வுத் திறன் என்பதை மொழித் திறனிலிருந்து பிரித்துப் பார்க்கவைப்பதில் இந்தக் கட்டு வெற்றி பெறுகிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். இத்தனைக்கும் அந்த அட்டவணை கட்டில் இல்லை, கட்டு தூண்டிவிட்டது மட்டுமே.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் உடற்கல்வி ஆசிரியர். இங்கே கட்டு சறுக்கியது. அந்த இரண்டு பாடங்களும் மொழிநடை வினாவைப் பற்றியவை. உரைப்பகுதியில் உணர்ச்சியைக் காட்டும் சொற்களை இளஞ்சிவப்பிலும் ஒலியைக் காட்டும் சொற்களை இளம்பச்சையிலும் பின்னணி நிறமிட்டு, அந்த நிறத்தை வைத்தே வினாக்களை அமைத்திருக்கிறார்கள். உச்சிப்புளி ஜெராக்ஸ் கடையில் பக்கம் ஒன்றரை ரூபாய்க்குக் கருப்பு வெள்ளையில் எடுத்த படியில் இரண்டுமே ஒரே சாம்பல் பட்டையாக விழுந்திருந்தன. பச்சை எது, சிவப்பு எது என்று முப்பத்து நான்கு பிள்ளைகளும் கேட்க, அவர் கையில் இருந்ததும் அதே படிதான். திரையிடலாம் என்றால் அன்று காலையிலிருந்து மின்சாரம் இல்லை. வண்ணத்தில் அச்சிட்டால் ஒரு பாடத்துக்கு ஆகும் செலவு கட்டின் விலையையே நெருங்கிவிடும். விற்பவரின் விவரப் பக்கத்தில் 'அச்சிடுவதற்கு உகந்தது' என்று எழுதியிருந்தது. யாருடைய அச்சுக்கு உகந்தது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

விடைக்குறிப்பிலும் அதே பாடங்களில் ஓட்டை இருந்தது. எடுத்தெழுதும் 4 மதிப்பெண் வினாவுக்குத் தெளிவான பட்டியல் உண்டு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எட்டு மதிப்பெண் வினாவுக்கோ, விடை 'தெளிவானதா', 'நுணுக்கமானதா' என்று நிலை பிரிக்கும் அளவுகோலை மட்டும் கொடுத்துவிட்டு, எடுத்துக்காட்டு விடை ஒன்றும் தராமல் விட்டிருக்கிறார்கள். நுணுக்கமான விடை எது என்று உடற்கல்வி ஆசிரியர் எப்படிச் சொல்வார்? பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எட்டுக்கு எட்டு போட்டுக்கொண்டு மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

உரைப்பகுதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர்காலக் காலையில் சன்னல் கண்ணாடியின் உட்புறம் உறைபனி பூத்திருப்பதில் தொடங்கும் பகுதி ஒன்று உண்டு. இந்த வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் அதில் நின்றுபோவார்கள் என்று நான் அஞ்சினேன். மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தால் உட்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான் என்று ஒரு சிறுமி வகுப்புக்கே சொல்லிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். ஆகவே அயல்நாட்டுப் பொருள் என்பதாலேயே ஒரு பகுதியைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் கடற்கரை விடுமுறை பற்றிய மற்றொரு பகுதி முற்றிலும் தோற்றது. சாய்வு நாற்காலி, மணற்கோட்டை, கரையில் கழுதைச் சவாரி என்று போகும் அந்தப் பகுதியில் எழுத்தாளரின் ஏமாற்ற உணர்வைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது வினா. எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்குக் கடல் தகப்பன் போய்வரும் இடம். சிலருக்குத் தாய் பாசி எடுக்க இறங்கும் இடம். மழை வந்து விடுமுறை கெட்டுப்போனதில் அப்படி என்ன துயரம் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பற்சேதம் பற்றிய கடிதத்தை அதைவிடக் கடினமான ஆங்கிலத்தில் கொடுத்திருந்தும், அதை அவர்கள் விடாமல் படித்திருக்கிறார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையைப் பாட்டிமார் வாயிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, காற்று திசைமாறும் வாக்கியத்தில் என்ன நடக்கப்போகிறது என்று அகராதி சொல்ல வேண்டியதில்லை.

ஆறாம் நாள் முதல் மூன்று நாள் தமிழ் ஐயா போனார். கட்டிலேயே கடினமானவை என்று நான் கருதிய கட்டமைப்பு வினாவும் 'எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறாய்' வினாவும் அவருக்கு வாய்த்தன. நம் பிள்ளைகளிடம் யாரும் ஒரு கூற்றைக் காட்டி ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பதில்லை; கேட்டால் ஆமாம் என்று எழுதிவிட்டு உரைப்பகுதியை அப்படியே கீழே நகல் எடுப்பார்கள். ஐயா ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருந்த ஆறு வகை வினாவையும் எட்டு வகை விடையையும் சொல்லச் சொல்லியிருக்கிறார். இந்தக் கேள்வி அறியாதவன் கேட்கிறதா, அறிந்தவன் உன்னைச் சோதிக்கக் கேட்கிறதா? சோதிக்கக் கேட்பவனுக்கு உடன்பட்டுச் சொல்லும் நேர் விடை மட்டும் போதுமா, மறுத்துச் சொல்லும் மறை விடைக்கும் இடம் இருக்கிறதா? அங்கிருந்து, கூற்றின் எந்தப் பாதிக்கு நேர், எந்தப் பாதிக்கு மறை என்று வகுப்பையே இரண்டாகப் பிரித்து வாதாட விட்டிருக்கிறார். கட்டமைப்பு வினாவுக்கு, செய்யுளின் சொற்களை இணைத்துப் பொருள்கொள்ளும் முறையான பொருள்கோளை எடுத்தார்: தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆற்றுநீர்போல ஒரே போக்கில் போகிறதா, இல்லை முன்னும் பின்னும் கொண்டுகூட்டிப் பொருள்கொள்ள வைக்கிறதா என்று பத்தி பத்தியாகக் குறிக்கச் செய்தார். நான் திரும்பி வந்து அந்த விடைத்தாள்களைப் படித்தபோது ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் இருந்தது. ஆயினும் 'எழுத்தாளர் முதலில் வீட்டைக் காட்டிவிட்டு, ஆளைக் கடைசியில்தான் காட்டுகிறார், நாம் பயப்பட வேண்டும் என்பதற்காக' என்ற கருத்தை ஒரு பையன் மூன்று உடைந்த ஆங்கில வாக்கியங்களில் எழுதியிருந்தான். என் வகுப்பில் அப்படி ஒன்றை எழுதவைக்க எனக்கு இதுவரை தோன்றவில்லை.

இதைக் கட்டின் பெருமையாக எழுதுவதா, ஐயாவின் பெருமையாக எழுதுவதா என்று எனக்கே தெளிவில்லை. குறிப்புத்தாளில் வகுப்பில் நிற்பவர் தம் சொந்த விளக்கத்தைத் தவிர்ப்பது நல்லது என்றே எழுதியிருக்கிறது. அவர் அதை மீறியதால்தான் பாடம் நடந்தது. அதே வேளையில், கையில் உரைப்பகுதியும் வினாவும் நேர அட்டவணையும் ஆயத்தமாக இல்லாதிருந்தால் அவரும் கட்டுரைத்தாள் திருத்திக்கொண்டுதான் இருந்திருப்பார். அதை அவரே சொன்னார்.

எதிர்பாராத ஒரு நன்மையையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு பாடமும் தனித்து நிற்பது. முந்தைய நாள் பாடத்தைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விடியலில் நாட்டுப்படகு கரைக்கு வந்ததும் வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கப் போய்விட்டு இரண்டாம் பாடவேளைக்கு வந்துசேரும் பையன்களும், இடையில் ஒரு நாள் வராதவர்களும் எந்த நாளிலும் உட்கார்ந்து எழுத முடிந்தது. தொடர் பாடத்தில் அவர்கள் எப்போதும் ஒரு படி பின்னால்தான் நிற்பார்கள்.

நேரம் பொருந்தவில்லை என்பது சிறிய குறை. அவர்களின் பாடவேளை ஒரு மணி. நம்முடையது நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். கடைசிப் பணியை வெட்டினால் சரியாகிவிடும். எழுத்துக்கூட்டல் பிரிட்டிஷ் முறையில் இருப்பதால் நம் பாடநூலோடு முரண்படவில்லை. உரிமம் ஓர் ஆசிரியருக்கு மட்டும் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சிட்டிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் பகிரும்படி நான்கு பள்ளிகளிலிருந்து கேட்டார்கள். மறுத்ததில் ஒருவர் இன்னும் பேசுவதில்லை.

திரும்பி வந்தபின் நான் செய்தது, கட்டின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு நம் தேர்வுக்குச் சதை போடும் வேலை. உண்மையில் நம் வினாத்தாளில் உள்ள சில வகைகள் மாற்றுப் பாடத்துக்கு அவர்களுடையவற்றைவிடப் பொருத்தமானவை. வரைபடத்தைப் பார்த்து வழிசொல்லும் கட்டாய வினா, கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, பிழையைக் கண்டுபிடிப்பது ஆகிய மூன்றுக்கும் சரி எது, தவறு எது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். உடற்கல்வி ஆசிரியரும் திருத்தலாம், பிள்ளைகளும் திருத்தலாம். உச்சிப்புளி ரயில் நிலையத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் வழியை வரைந்து, அதே குறிப்புத்தாள் வடிவில் ஆறு பாடங்கள் எழுதியிருக்கிறேன். விளம்பரம், அறிவிப்பு, கடிதம் போன்ற எழுத்துப் பணிகளுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு மாதிரி விடைகளைச் சேர்த்தேன். முழு மதிப்பெண் பெறுவது ஒன்று, பாதி பெறுவது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தங்கள் விடை எதற்கு அருகில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. விலைகொடுத்து வாங்கிய கட்டில் இல்லாததும் அதுதான்.

ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கும் இதை அப்படியே வாங்கலாம். தமிழ்வழிப் பத்தாம் வகுப்புக்கு வாங்குவதானால், இருபதில் ஏழெட்டுப் பாடங்களே பயன்படும் என்று எண்ணிக்கொண்டு விலையைத் தீர்மானியுங்கள். வாங்கும் முன் இலவச மாதிரிப் பாடம் ஒன்று கிடைக்கும். அதைக் கருப்பு வெள்ளையில் படியெடுத்து, ஓய்வறையில் ஆங்கிலத்தோடு தொடர்பே இல்லாத ஆசிரியரிடம் ஒரு வார்த்தையும் விளக்காமல் கொடுத்துப் பாருங்கள். அவர் இரண்டு நிமிடத்துக்குள் உங்களைக் கேள்வி கேட்க வந்தால் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

நிறமில்லாத பதிப்பும் எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு எடுத்துக்காட்டு விடைகளும் வேண்டும் என்று விற்பவருக்கு எழுதினேன். இரண்டே நாளில் பணிவான பதில் வந்தது. அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொன்னார். இதை எழுதும் நாள்வரை பழைய கோப்பேதான் அங்கே இருக்கிறது.